இலவச ஹோஸ்டிங்கில் தொடர்புப் படிவத்தின் மெயில் வராதது

தளத்தின் தொடர்புப் படிவத்தை நிரப்பினால் மெயில் வரவில்லை என்றதும் கோடை மாற்றி மாற்றி எழுத வேண்டாம், தப்பு பெரும்பாலும் அதில் இருக்காது. உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடிய படிவம் இலவச ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் மெயில் அனுப்பவில்லை என்றால், பெரும்பாலும் அங்கே பிஎச்பியின் (சர்வரில் ஓடும் நிரல்மொழி) மெயில் அனுப்பும் ஃபங்ஷனான mail()-ஐ அடைத்து வைத்திருப்பார்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் தேடி வருவதே இலவசக் கணக்குகளைத்தானே.

அந்த ஃபங்ஷன் திருப்பித் தருவதை அச்சிட்டுப் பாருங்கள். ஃபால்ஸோ (முடியவில்லை) பிழைச் செய்தியோ வந்தால் சந்தேகம் அங்கேதான். ட்ரூ (முடிந்தது) வந்தாலும் மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, சர்வர் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

அப்புறம் வெளி எஸ்எம்டிபி சர்வர் (மெயில் அனுப்பித் தரும் சர்வர்) வழியாக போர்ட் 587-ல் (இணைப்பு வாசல் எண்) முயன்று பாருங்கள், போர்ட் 25 பெரும்பாலும் மூடியிருக்கும். சில இடங்களில் 587-ம் திறக்காது. அப்படியானால் படிவத்தில் நிரப்பியதை உலாவியிலிருந்து நேராக வாங்கிக்கொள்ளும் வெளிப் படிவச் சேவைதான் வழி, அதிலும் இலவசம் என்றால் மாத வரம்பு இருக்கும்.