திரவ நைட்ரஜனில் வைத்த செம்புக் கம்பியில் மின்தடை அலைவுகள் ஏன் தெரியவில்லை?

காந்தப்புலத்தைக் கூட்டினால் உலோகத்தின் மின்தடை அலைபோல ஏறி இறங்கும் என்று படித்துவிட்டு, செம்புக் கம்பியை நைட்ரஜனில் முக்கிப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றும் தெரிந்திருக்காது. கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

நான் முதன்முதலில் அந்த அலைவுகளைப் பார்த்தது பிஸ்மத் என்ற உலோகத்தின் படிகத்தில். அரிசிமணி அளவு ஒற்றைப் படிகம், மயிரிழை போன்ற நான்கு தங்கக் கம்பிகள், ஒட்டுவதற்கு வெள்ளிப் பசை. குளிரும்போது ஒரு கம்பி கழன்று இரண்டு நாள் போயிற்று. பிறகு திரவ ஹீலியத்தில், 4.2 கெல்வினில், புலத்தை மெல்லக் கூட்டினேன். ஏறும் கோட்டின்மேல் சின்னச் சின்ன மேடுகள். புலம் கூடக்கூட அவை அகன்று உயர்ந்தன. மின் இரைச்சல் என்றே நினைத்தேன். வழிகாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றைப் புலத்தால் வகுத்து, அதை அச்சில் போடு" என்றார். போட்டேன். மேடுகள் சம இடைவெளியில் வரிசையாக நின்றன.

1930இல் நெதர்லாந்தின் லெய்டனில் ஷுப்னிகோவ், டி ஹாஸ் என்ற இயற்பியலாளர்கள் கண்டதும் இதே பிஸ்மத்தில்தான். (ஏழே ஆண்டுகளில் ஷுப்னிகோவ் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நல்ல படிகம் வளர்ப்பதில் கைதேர்ந்தவர்.)

காந்தப்புலத்தில் எலக்ட்ரான் வட்டமிடும். ஆனால் குறிப்பிட்ட ஆற்றல் படிகளில் மட்டுமே. புலம் கூடும்போது படிகளின் இடைவெளி விரிந்து, அவை ஒவ்வொன்றாக ஃபெர்மி மட்டத்தை, அதாவது உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலை, கடக்கின்றன. ஒவ்வொரு கடப்புக்கும் ஓர் அலை. படி இடைவெளியைவிட வெப்பக் கலக்கம் பெரிதானால் அலைகள் கரைந்துவிடும். 1 டெஸ்லா காந்தப்புலத்தில் சாதாரண எலக்ட்ரானுக்கு அந்த இடைவெளி, வெப்பநிலையாகச் சொன்னால், சுமார் 1.3 கெல்வின்தான், செம்பில் அதைவிடச் சற்றுக் குறைவு. நைட்ரஜனோ 77 கெல்வின்! பிஸ்மத்தில் சில திசைகளில் எலக்ட்ரான் நூறில் ஒரு பங்கு நிறையே உள்ளதுபோல நடந்துகொள்ளும். இடைவெளியும் நூறு மடங்காகும். அதனால்தான் லெய்டன்காரர்களுக்குத் திரவ ஹைட்ரஜனே போதுமானதாக இருந்தது.

இன்னொன்று: எலக்ட்ரான் எதிலும் மோதாமல் ஒரு சுற்றாவது முடிக்க வேண்டும். கடையில் வாங்கிய கம்பியில் அழுக்கும் உண்டு, ஆளுக்கொரு திசை பார்க்கும் ஆயிரம் படிகத்துகள்களும் உண்டு. அலையின் இடைவெளி படிகத்தின் திசையைப் பொறுத்தது; பல திசைகள் கலந்தால் அலைகள் மங்கிவிடும். 1952இல் கோட்பாட்டு அறிஞர் ஆன்சாகர் காட்டியபடி, அந்த இடைவெளி ஃபெர்மி பரப்பின் (உச்ச ஆற்றலுள்ள எலக்ட்ரான்களின் உந்தங்களை வரைந்தால் கிடைக்கும் பரப்பு) குறுக்குவெட்டுப் பரப்பளவைச் சொல்லிவிடும்.

செம்பைத்தான் பார்ப்பேன் என்றால் தூய ஒற்றைப் படிகமும் ஹீலியமும் தேடுங்கள். மின்தடையை விட்டுவிட்டுக் காந்தமாக்கலை (படிகம் எவ்வளவு காந்தமாகிறது என்பதை) அளந்தால் அலைவுகள் எளிதில் பிடிபடும்.