லிபியா மணலும் நெல் வயலும்: செயற்கைக்கோள் சென்சார்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 2022க்குப் பிறகு என் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் எல்லாம் வெளுத்திருக்கின்றன. சென்சார் பழுதா சார்?

பழுது இல்லை. 2022 ஜனவரி 25 முதல் ஒவ்வொரு பிக்சலின் பிரகாச எண்ணோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். ஆழமான நீர், நிழல் போன்ற இருண்ட இடங்களில் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் வெட்டுப்படக் கூடாது என்பதற்காக. தரை எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்ற பங்கு கிடைக்க, நீங்கள் 1000ஐக் கழித்துவிட்டு 10000ஆல் வகுக்கவேண்டும். மறந்தால் என்ன ஆகும் என்று ஒரு வயல் பிக்சலில் பாருங்கள். சிவப்பு 1450, அண்மை அகச்சிவப்பு 4200. அப்படியே போட்டால் பயிரின் செழுமையைக் காட்டும் என்.டி.வி.ஐ. குறியீடு (இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது) 0.49. கழித்தால் 450, 3200, விடை 0.75. செழித்து நிற்கிற பயிர் கணக்கில் வாடிவிடுகிறது.

கேள்வி: ட்ரோன் கேமரா எது வாங்கலாம்?

என் துறை இல்லை. ட்ரோன் ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: சென்சார்களைச் சரிபார்க்கப் பயன்படும் லிபியா-4 பாலைவனப் பகுதியை வைத்து லேண்ட்சாட் 7, 8 செயற்கைக்கோள்களை ஒப்பிட்டு, ஒன்றின் எண்ணை மற்றதோடு பொருத்தப் பெருக்கும் ஒரு திருத்தக் காரணி எடுத்தேன். அதை என் நெல் வயலுக்குப் போடலாமா?

போடக்கூடாது. இதைத்தான் எத்தனை தடவை கேட்டாலும் சொல்வேன்: பெருக்குவதற்கு முன் இரண்டு சென்சார்களின் நிறமாலை வளைவுகளையும் (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உணர்கிறது என்ற கோடு) வரைந்து பாருங்கள்.

2013 மார்ச் 29, 30 தேதிகளில் லேண்ட்சாட் 8 தன் பாதைக்கு ஏறும் வழியில் 7க்குக் கீழே பறந்தது. சில நிமிட இடைவெளியில் அதே நிலம், அதே வெயில், அதே காற்று. அதைவிட நல்ல ஒப்பீடு அமையாது. அப்படியும் எண்கள் அப்படியே ஒத்துப்போகாது. 7இன் அண்மை அகச்சிவப்புப் பட்டை, அதாவது அது பிடிக்கும் அலைநீள வரம்பு, 770 முதல் 900 நானோமீட்டர் வரை அகலமானது. நடுவில் 820 பக்கம் காற்றிலுள்ள நீராவி ஒளியை விழுங்குகிறது. 8இல் அந்தப் பள்ளத்தைத் தவிர்க்கவே பட்டையை 850-880 எனக் குறுக்கினார்கள். ஈரப்பதமான நாளில் 7 குறைவாகக் காட்டினால் அது சென்சாரின் பிழை அல்ல. அது வேறொன்றை அளக்கிறது, அவ்வளவுதான்.

சிவப்பிலும் இதே கதைதான். 7இன் பட்டை 690 வரை நீளும். 8 ஏறக்குறைய 673இல் நின்றுவிடும். மணல் திருப்பும் ஒளியின் நிறமாலை அந்த இடத்தில் மெல்ல ஏறுகிறது, அதனால் வித்தியாசம் சிறியது. இலையோ 680ஐத் தாண்டியதும் செங்குத்தாக ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தின் அடிவாரம் 7இன் பட்டைக்குள் விழுகிறது, 8இல் விழுவதில்லை. மணலில் எடுத்த காரணி மணலுக்குத்தான். உங்கள் வயலுக்கு வயலின் நிறமாலை வேண்டும்.

கேள்வி: சென்டினல் படம் 2022இலிருந்து பிரகாசமாக...

முதல் பதிலைப் படியுங்கள். 1000ஐக் கழியுங்கள்.

கேள்வி (காரணி கேட்டவருக்கு இன்னொருவர் மறுமொழி): ஒன்றிரண்டு சதவீத வித்தியாசத்துக்கு இவ்வளவு பாடா? வரைபடம் போட அது போதுமே.

ஒரே ஒரு படத்துக்குப் போதும். பத்து வருடப் போக்கு பார்க்கிறவருக்குப் போதாது, அங்கே நான் விடமாட்டேன். நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளிலுள்ள மோடிஸ் சென்சார் வயதானபோது அதன் நீலப் பட்டை மங்கியது. ஐந்தாம் பதிப்புத் தரவில் தாவரம் குறைவதுபோல் தெரிந்ததில் ஒரு பங்கு அந்த மங்கல்தான். ஆறாம் பதிப்பில் அதைத் திருத்தினார்கள். சிறிய சரிவு வருடா வருடம் ஒரே திசையில் போனால், காடு அழிவதற்கும் கண்ணாடி மங்குவதற்கும் வித்தியாசம் தெரியாது.

கேள்வி: அப்படியென்றால் பாலைவனமே வேண்டாமா? நிலாவைப் பார்க்கலாமே?

பாலைவனம் வேண்டும். ஒரே சென்சார் நாளாக நாளாக மாறுகிறதா என்று பார்க்க அது அருமையான இடம். நிலாவும் அப்படியே, காற்று கிடையாது, தரை மாறாது. லேண்ட்சாட் 8 மாதம் ஒருமுறை திரும்பி அதைப் பார்க்கிறது. ஆனால் நிலாவின் உண்மையான பிரகாசம் எவ்வளவு என்பதிலேயே சில சதவீதச் சந்தேகம் உண்டு. மாற்றத்தைக் கண்காணிக்க நிலாவை நம்புங்கள். சரியான அளவு வேண்டுமென்றால் நெவாடாவின் ரயில்ரோட் வேலி போல, தரையில் கருவி வைத்து அளக்கிற இடங்களுக்குப் போங்கள்.

கேள்வி: வெப்பப் பட்டையையும் இப்படியே செய்யலாமா?

வேண்டாம். லேண்ட்சாட் 8இன் வெப்பக் கருவிக்குள் வெளி ஒளி கசிகிற சிக்கல் இருந்தது. அது தனிக் கதை, தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: சார், சென்டினல் 1000...

கூகுளின் எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ என்று முடிகிற தொகுப்பை எடுங்கள் தம்பி, அதில் ஏற்கெனவே கழித்திருக்கிறார்கள். மறுபடி நீங்களும் கழித்துவிடாதீர்கள்.