சும்மா கிடக்கும் நிலம்

அன்புள்ள ஐயா,

அட்லாண்டாவில் என்னுடன் பணிபுரியும் கறுப்பின நண்பர் ஒருவர், தாயகம் திரும்புவோருக்காகக் கானாவில் உருவாகும் குடியிருப்பில் மனை வாங்கவிருக்கிறார். அங்கே நிலம் சும்மாதானே கிடக்கிறது? ஆனாலும் உள்ளூர் மக்கள் அவரை அந்நியராகவே நடத்துவார்கள் என்கிறார்கள். அவர் போகலாமா? இது நல்ல முதலீடாகுமா?

க.

அன்புள்ள க.,

முதலீட்டைப் பற்றி என்னிடம் கேட்பது வீண். நண்பர் போகட்டும், அடிமைகளைக் கப்பலேற்றுமுன் அடைத்துவைத்த கானாவின் எல்மினா கோட்டை நிலவறையில் அவர் அழுதால் அந்தக் கண்ணீருக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. கோட்டையை விட்டு வெளியே வந்ததும் அவரை ‘ஒப்ருனி’ என்று அழைப்பார்கள். வெள்ளையரை அழைப்பதும் அதே சொல்லால்தான்.

கோத்தகிரியில் என் வகுப்பில், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பத்துப் பையன் ஒருவன் படித்தான். அரசு அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று எழுதியது. நாங்கள் அவனைச் ‘சிலோன்காரன்’ என்றோம். அங்கே தன்னைக் ‘கள்ளத்தோணி’ என்றார்கள் என்று அவன் ஒருநாள் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆகவே உங்கள் நண்பரின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் ‘சும்மா கிடக்கிறது’ என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்ற நாடு தொடங்கியதே இந்தச் சொல்லில்தான். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப வெள்ளையர் 1816இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அடிமைகளை வைத்திருந்த கனவான்களும் அதில் இருந்தார்கள். 1821 டிசம்பரில் அந்தக் கடற்கரையின் மெசுராடோ முனையை, துப்பாக்கி, வெடிமருந்து, புகையிலை, ரம், குடை என 300 டாலருக்கும் குறைவான பண்டங்களுக்கு வாங்கினார்கள். பேச வந்தவர் அங்கிருந்த அரசரின் தலைக்கு நேரே கைத்துப்பாக்கியை நீட்டினார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. அது கிடக்கட்டும், வந்தவர்கள் தங்க இடம் கொடுத்ததாகக் கொடுத்தவர் நினைத்திருக்கலாம், வாங்கியவரோ என்றென்றைக்குமாகக் கிரயம் முடிந்ததென்று நினைத்தார்.

வந்தவர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1820 முதல் 1843 வரை சென்ற 4,571 பேரில் இறுதியில் எஞ்சியவர்கள் 1,819 பேரே. மலேரியா வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்கள் 1847இல் குடியரசை அறிவித்தபோது, தாங்கள் ஆதியில் வட அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்தவர்கள் என்று பிரகடனத்தில் எழுதிக்கொண்டார்கள். தாயகம் திரும்பியவர்கள் எழுதிய வரி இது! மண்ணின் பூர்வகுடிகளுக்குக் குடியுரிமை கிடைத்தது 1904இல்தான். குடியேறியவர்களின் வழிவந்தோர் நடத்திய ஆட்சியை 1980இல் கவிழ்த்த சிப்பாய்கள் பழைய அமைச்சர்களைக் கடற்கரையில் கம்பங்களில் கட்டிச் சுட்டபோது, கூடி நின்ற கூட்டம் ஆரவாரித்தது. அந்தக் கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த ஆரவாரம் எத்தனை காலம் உள்ளே கிடந்தது என்றுதான் யோசிக்கிறேன்.

கானாவில் பெரும்பகுதி நிலம், குலத்தலைவரின் ‘ஸ்டூல்’ எனப்படும் இருக்கைக்கு உரியது. தலைவர் அதன் காவலர் மட்டுமே. இறந்தோருக்கும் இனிப் பிறப்போருக்கும் அதில் பங்குண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. குடியுரிமை இல்லாதவர் 50 ஆண்டுக்கு மேல் அதைக் குத்தகைக்கு எடுக்க முடியாது. தரிசாகத் தெரிவது, அடுத்த பருவத்துக்காக ஒரு குடும்பம் ஆறவிட்டிருக்கும் மரவள்ளித் தோட்டமாக இருக்கலாம். தலைவரின் கையொப்பத்தோடு நண்பர் நின்றுவிடக் கூடாது. அந்த மனையில் கடைசியாக மரவள்ளி நட்டவர் யார், அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்கச் சொல்லுங்கள்.