ட்யூபா வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை

சார், நீங்கள் எழுதியதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பொண்ணு இசையையே கல்லூரிப் படிப்பாக எடுக்கலாமா என்பது ஒன்று, அதற்கு அவள் வாசிக்கும் ட்யூபாவை, அதாவது அந்தப் பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தை, எந்தக் கம்பெனியுடையதாக வாங்குவது என்பது இன்னொன்று. ட்யூபாவுக்கு அவசரமே இல்லை, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பள்ளி பேண்டில் அவள் வாசிப்பது பி பிளாட் ட்யூபா (பி பிளாட், சி, எஃப் என்பதெல்லாம் அந்தந்த ட்யூபாவின் அடிப்படை ஸ்வரத்தின் பெயர்), அதுவும் பள்ளியுடையது. அமெரிக்கக் கல்லூரியில் இசையை முதன்மைப் பாடமாக எடுத்தால் பெரும்பாலும் சி ட்யூபாவுக்கு மாறச் சொல்வார்கள், விரல் போடும் முறையே வேறு, அப்புறம் எஃப் ட்யூபாவும் வேண்டும் என்பார்கள். இப்போதே காசைக் கொட்டி பி பிளாட் வாங்கினால் இரண்டு வருடத்தில் அதை விற்க அலைவீர்கள். பல கல்லூரிகள் தங்களிடம் உள்ள ட்யூபாவையே மாணவர்களுக்குக் கொடுக்கின்றன, விண்ணப்பிக்கும் இடத்து ஆசிரியரிடம் அதைக் கேட்டுவிட்டுக் கடைப் பக்கம் போங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நல்ல பெயருள்ள பழையது. ஜெர்மனியின் மிராஃபோன், மைன்ல் வெஸ்டன், அப்புறம் யமஹா. புதிதாக நல்ல சி ட்யூபா எடுத்தால் எளிதாகப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிடும். பெயர் வாசிப்பை வளர்க்காது சார், ஆனால் நாளைக்கு விற்கும்போது விலை நிற்கும், உதிரி பாகமும் கிடைக்கும். சீனாவில் செய்தது எல்லாமே மோசம் என்ற காலம் போய்விட்டது, வெஸ்ஸெக்ஸ் ட்யூபாவைத் தொழில்முறைக் கலைஞர்களே வாசிக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் பெயரே இல்லாத ஒன்றை மலிவாக இணையத்தில் வாங்கியது, விரலால் அழுத்தும் வால்வு ஒட்டிக்கொண்டபோது ரிப்பேர்காரர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

பழையதைப் பார்க்கும்போது வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை, அதாவது சுருதி சேர்க்க நகர்த்தும் குழாயை, மெல்ல வெளியே இழுங்கள், பிறகு வால்வை அழுத்துங்கள். 'பொப்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. வாய்ப்பக்கக் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பித்தளை உள்ளிருந்தே அரித்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். சின்ன நசுங்கல்களுக்கெல்லாம் பயப்பட வேண்டாம், விலை குறைக்கக் காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வால்வு இருக்கட்டும், மூன்றில் கீழ் ஸ்வரங்கள் சுருதி விலகும்.

இப்போது படிப்பு. ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் முப்பது பேர் இருப்பார்கள், ட்யூபா பொதுவாக ஒருவர்தான், அவரும் சீக்கிரம் ஓய்வு பெறுகிற ஆள் இல்லை. அந்த ஆர்க்கெஸ்ட்ரா வேலையை மட்டும் நம்பி அவளை இறக்கிவிட எனக்கு மனசு வராது. ஆனால் இசைக் கல்வி பட்டம் வேறு கதை, டெக்ஸாஸில் பள்ளிக்குப் பள்ளி பேண்ட் இருக்கிறது, அதை நடத்த ஆசிரியர் வேண்டும். வேறு படிப்பை எடுத்துக்கொண்டு கல்லூரி பேண்டில் வாசித்தாலும் சில இடங்களில் உதவித்தொகை உண்டு, ட்யூபா வாசிக்க ஆள் குறைவு என்பது இங்கே நமக்கு லாபம்.

சரி, பார்க்கப் போகும்போது பொண்ணையும் கூட்டிப் போங்கள், அரை மணி நேரம் வாசிக்கட்டும். அப்படியே பெட்டியோடு உங்கள் காரில் அது ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.