பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் மாறும்போது உதைக்கிறது. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

இறக்காதீர்கள். இப்போதைக்காவது இறக்காதீர்கள்.

1980களின் டீசல் பென்ஸ், பெயின்ட், சீட் எல்லாம் முடித்துவிட்டேன், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது பின்னால் யாரோ இடித்த மாதிரி இருக்கிறது, மெக்கானிக் ஓவர்ஹால் என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் கொடுத்தேன். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா கடந்து போக முடியவில்லை.

என் வண்டி 1982 மாடல் 300டி. டபிள்யூ 123 என்பார்கள். உலகம் முழுக்க சுமார் 27 லட்சம் வண்டி விற்ற மாடல். ஐந்து சிலிண்டர் டீசல், நாலு கியர் ஆட்டோமேட்டிக். கிருஷ்ணகிரியில் கிரானைட் தொழில் செய்த ஒருவரிடமிருந்து என் மாமனார் வாங்கியது. மாமனார் போன பிறகு காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பு ஷெட்டில் பதினொரு வருஷம் நின்றது. எலி பாதி, கறையான் பாதி. மச்சான் காயலான் கடைக்கு விலை பேசி வைத்திருந்தான். நான்தான் தடுத்தேன். அதற்கு இன்றுவரை ஒவ்வொரு விசேஷத்திலும் பேச்சு வாங்குகிறேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், நான் ஓசூரில் 28 வருஷம் ஹைட்ராலிக் பிரஸ் பார்த்த ஃபிட்டர். ஆயில், வால்வ், பிரஷர் மூன்றும்தான் என் பிழைப்பு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்பதும் அதேதான், கொஞ்சம் சின்னதாக. அப்படிப்பட்ட நானே, பெங்களூரில் ஒரு கடையில் வெள்ளைக் கோட்டு போட்ட பையன் "உள்ளே கிளட்ச் போச்சு சார்" என்றதும் தலையாட்டிவிட்டேன். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்லவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தது உண்மை, கழற்றிக் காட்டினார்கள். ஆனால் உதைக்குக் காரணம் அது இல்லை. இரண்டு மாதம் கழித்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் மூன்று உதை.

இதில் ஒரு விசித்திரம். என் மனைவி கூட வந்தால் வண்டி உதைக்காது. நான் தனியாகப் போனால் உதைக்கும். வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தோம். அவளுக்குப் பயந்து ஓடுகிறது என்று மச்சான் வேறு சொன்னான்.

இன்னொன்று, சாவியைத் திருப்பினால் இன்ஜின் அணையாது. பானெட்டைத் திறந்து ஸ்டாப் லீவரை அமுக்கித்தான் அணைப்பேன். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெங்களூர் கடையிலும் சொன்னேன், அதை வேறு வேலையாகக் குறித்துக்கொண்டார்கள்.

கிருஷ்ணகிரி பைபாஸில் லாரி, ஜீப் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். எழுபது வயது இருக்கும். சைலன்சர் கிளாம்ப் போடத்தான் போனேன். நான் பானெட்டைத் திறந்து இன்ஜினை அணைப்பதைப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளா தம்பி?" என்றார். சொன்னேன். "கியர் உதைக்குமே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதையைப் பற்றி நான் அவரிடம் வாயே திறக்கவில்லை.

"ரெண்டும் ஒரே வேக்கம்தானே."

அவ்வளவுதான் சொன்னார். மீதியை நான் சொல்கிறேன். வேக்கம் என்றால் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயிலேயே, அதாவது மேனிஃபோல்டிலேயே, வேக்கம் கிடைக்கும். இந்த டீசலில் அது கிடையாது. அதனால் இன்ஜின் முன்னால் தனியாக ஒரு வேக்கம் பம்ப். பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டர், இன்ஜினை அணைக்கும் வால்வ், சென்ட்ரல் லாக், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் மாடுலேட்டர், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பம்ப்தான் படியளக்கிறது. நீங்கள் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று கியர்பாக்ஸுக்குச் சொல்வது மாடுலேட்டருக்குப் போகும் வேக்கம். லேசாக மிதித்தால் வேக்கம் அதிகம், உள்ளே பிரஷர் குறைவு, கியர் பூப்போல மாறும். அழுத்தி மிதித்தால் வேக்கம் குறைவு, பிரஷர் ஏறும், இறுக்கமாக மாறும். எங்கேயாவது கசிந்து வேக்கமே வரவில்லை என்றால், நீங்கள் நடை வேகத்தில் போனாலும் அது முழுசாக மிதிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். அதுதான் உதை. என் கியர்பாக்ஸ் தனக்குக் கிடைத்த தகவல்படி சரியாகவே வேலை செய்திருக்கிறது.

பாய் செய்த சோதனைக்கு ஸ்கேனர் வேண்டாம், லேப்டாப் வேண்டாம். சென்ட்ரல் லாக்குக்குப் போகும் மெல்லிய ட்யூபைப் பிடுங்கி, பம்ப் பக்க வாயில் சைக்கிள் வால்வ் ட்யூபை மாட்டி மடக்கிக் கட்டினார். "இப்ப அணை" என்றார். சாவியைத் திருப்பினேன். டப்பென்று அணைந்தது. அன்று மாலையே மேலுமலை ஏற்றம் வரை தனியாகப் போனேன். மூன்றாவது விழுந்ததே தெரியவில்லை.

மனைவி மர்மமும் அங்கேயே தீர்ந்தது. அவள் ஏறியதும் முதல் பேச்சு "கதவ பூட்டுங்க". நான் என் பக்கத்துப் பொத்தானை அமுக்குவேன், நாலு கதவும் பூட்டும். பூட்ட ஒரு லைன், திறக்க ஒரு லைன். திறக்கும் லைனில், இடது பின்கதவுக்குள் ட்யூபை இணைக்கும் வளைந்த ரப்பர் எல்போ ஒன்று வெடித்திருந்தது. பூட்டியிருக்கும்போது அந்த லைனுக்கு வேக்கம் போகாது, கசிவும் இல்லை. லாரி இன்ஜெக்டர் ரிட்டர்ன் ட்யூபில் ஒரு துண்டு வெட்டிப் போட்டார். நாற்பது ரூபாய். நான் இருநூறு கொடுத்தேன், திட்டிக்கொண்டே வாங்கினார்.

அந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டு சீசன் மாங்காய்ப் பணம். எங்களுடையது பெங்களூரா ரகம், கூழுக்குப் போவது. காய் பழுக்கிற வாரத்தில்தான் ஃபேக்டரிக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து விலையை இறக்குவார்கள். பறிப்புக் கூலி, வண்டி வாடகை போக ஒன்றும் மிஞ்சாமல் மரத்தடியிலேயே விட்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு.  சரி, அதை விடுங்கள்.

எல்லா உதைக்கும் வேக்கம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சண்டைக்கு வருபவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டு வரவும். கியரே விழாமல் இன்ஜின் மட்டும் அலறினால், ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால், அது வேறு நோய். அப்போது இறக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஆயில் அளவைச் சரியாகப் பாருங்கள். வண்டியை அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பி-யில் (பார்க்கிங்) போட்டு, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் பார்த்துவிட்டுக் குறைகிறது என்று ஊற்றினால் கூடிப்போகும். டிப்ஸ்டிக்கில் மினிமத்துக்கும் மேக்ஸிமத்துக்கும் நடுவே கால் லிட்டர் சொச்சம்தான். துடைக்கக் காட்டன் வேஸ்ட் எடுக்காதீர்கள், ஒரு நூல் போதும் உள்ளே வால்வை மாட்டிவைக்க.

மாடுலேட்டர் ட்யூபையும் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்துவிட்டது. கீழே ஒரு சொட்டு ஒழுகாமலே ஆயில் குறைவது இதனால்தான், பம்ப் வழியாக இன்ஜின் குடித்துவிடும். மாடுலேட்டரில் இருக்கும் திருகை மட்டும் உதை குறைய வேண்டும் என்று கண்டபடி திருகாதீர்கள். பிரஷர் அளவுக்கு மேல் இறங்கினால் உதை போய் வழுக்கல் வரும். உதையோடு பல நாள் ஓட்டலாம். வழுக்கினால் பிளேட் எரிந்துவிடும்.

பம்பில் கடகட சத்தம் வந்தால் தள்ளிப்போட வேண்டாம். அதன் பேரிங் உடைந்து குண்டுகள் டைமிங் செயினுக்குள் விழுந்தால் இன்ஜினே போச்சு. பிரேக் பூஸ்டரும் அதை நம்பித்தான் இருக்கிறது, தொப்பூர் இறக்கத்தில் போய் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

முதலில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதும் உங்கள் இன்ஜின் உடனே அணைகிறதா, இழுத்து இழுத்து அணைகிறதா? பம்பில் நேராக கேஜ் வைத்தால் 20 அங்குல (பாதரச அளவு) வேக்கத்துக்கு மேல் காட்ட வேண்டும். கேஜ் இல்லை, தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம்தான் இருக்கிறீர்கள் என்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, வந்து வாங்கிக்கொண்டு போகலாம். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். போன தடவை வாங்கிப் போனவர் எட்டு மாதம் வைத்திருந்தார்.