வாசகர் கேள்வி–பதில்: 'கம் ஆன் ஓவர்' கன்ட்ரி இசைதானா?

கேள்வி: பாடகி ஷனாயா ட்வைனின் 'கம் ஆன் ஓவர்' ஆல்பத்தைக் கன்ட்ரி இசையின் (அமெரிக்க நாட்டுப்புற மரபிலிருந்து வளர்ந்த இசை வகை) மாபெரும் வெற்றி என்று சிலர் எழுதுகிறார்கள், அது கன்ட்ரி இசையே அல்ல என்று வேறு சிலர் சாதிக்கிறார்கள். யார் சொல்வது சரி? (வாசகர், மதுரை)

பதில்: வெற்றியைப் பற்றி இரு தரப்புக்கும் தகராறு இல்லை. 1997 நவம்பரில் வெளியான அந்த ஆல்பம் உலகம் முழுவதும் நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்கிடப்படுகிறது; அவற்றில் ஏறக்குறைய பாதி அமெரிக்காவில் விற்றவை. அந்நாட்டின் கன்ட்ரி ஆல்பம் தரவரிசையில் மொத்தம் 50 வாரங்கள் அது முதலிடத்தில் இருந்தது. சண்டையெல்லாம் அதன் ஒலியைப் பற்றியதுதான்.

அந்த ஒலிக்குப் பொறுப்பானவர், அப்போது ட்வைனின் கணவராக இருந்த இசைத் தயாரிப்பாளர் ராபர்ட் ஜான் 'மட்' லாங்கே. ஏசி/டிசி குழுவின் 'பேக் இன் பிளாக்', டெஃப் லெப்பர்ட் குழுவின் 'ஹிஸ்டீரியா' ஆகிய ராக் ஆல்பங்களைத் தயாரித்துப் புகழ்பெற்றவர் அவர். பல்லவி வரும் இடத்தில் குரலின் மேல் குரலாக அடுக்கிப் பதிவு செய்வதும், ஒரு நொடி கூடத் தொய்வில்லாமல் பாடலை நகர்த்துவதும் அவருடைய முத்திரைகள். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில், தொழில்முறைப் பாடலாசிரியர்கள் எழுதி வைத்திருப்பவற்றிலிருந்து தமக்குப் பொருந்துவதைப் பாடகர்கள் தேர்ந்தெடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். இந்த ஆல்பத்தின் 16 பாடல்களையும் கணவனும் மனைவியுமே எழுதினார்கள். பாடகி கனடாக்காரர், தயாரிப்பாளர் ராக் உலகத்தவர், போதாக்குறைக்கு, 1995இல் வந்த 'தி உமன் இன் மீ' ஆல்பம் பெரும் விற்பனை கண்ட பிறகும் ட்வைன் கச்சேரிச் சுற்றுப்பயணம் எதுவும் செய்திருக்கவில்லை. இவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கப்பட்ட பாடகி, மேடையில் தாக்குப்பிடிக்க மாட்டார் என்ற பேச்சு அதனால்தான் எழுந்தது. 1998 மே மாதம் கனடாவின் சட்பரி நகரில் தொடங்கிய நீண்ட சுற்றுப்பயணம் அந்தப் பேச்சை அடக்கிவிட்டது. ஒலியைப் பற்றிய குறை மட்டும் அடங்கவில்லை.

என்னைக் கேட்டால், இந்த வழக்கில் விமர்சகர்களின் வாதங்களைவிட வலுவான சாட்சி, 1998இல் அமெரிக்காவுக்கு வெளியே விற்பதற்காக அதே ஆல்பத்துக்குச் செய்யப்பட்ட மறுகலவைதான். குரலும் பாடல்களும் பெரும்பாலும் அவையேதான். கன்ட்ரியின் அடையாள வாத்தியங்களான பிடிலும் (நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் வயலின்) ஸ்டீல் கிதாரும் (உலோகத் துண்டைக் கம்பிகளின் மேல் நகர்த்தி வாசிக்கும் கிதார்) பின்வாங்க, அவற்றின் இடத்தைக் கீபோர்டும் கனத்த தாளமும் எடுத்துக்கொண்டன. மெட்டுக்குச் சேதம் ஏதும் நேரவில்லை. கன்ட்ரி வாத்தியங்களை இவ்வளவு எளிதாக விலக்க முடிந்தது என்றால், அவை பாடலின் எலும்பாக இருக்கவில்லை, உடுப்பாகவே இருந்தன என்பது தெளிவு. அந்த அளவுக்குக் குறை சொன்னவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

ஆனால் அதையே குற்றமாக்குவது நாஷ்வில்லின் சொந்த வரலாற்றை மறப்பதாகும். 1950களின் இறுதியிலும் 1960களிலும் செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் பிடிலையும் ஸ்டீல் கிதாரையும் ஒதுக்கிவிட்டு, வயலின் கூட்டிசையும் கோரஸ் குரல்களும் சேர்த்துப் பாப் ரசிகர்களைப் பிடித்தார்கள். அதற்கு 'நாஷ்வில் சவுண்ட்' என்றே பெயர். அப்படிப் பதிவான பாடகி பாட்ஸி கிளைனின் பாடல்களை இன்று கன்ட்ரி இசையின் செவ்வியல் படைப்புகள் என்று போற்றுகிறவர்கள், ட்வைனிடம் மட்டும் தூய்மைச் சான்றிதழ் கேட்பது பொருந்தவில்லை. மேலும், அமெரிக்காவில் முதலில் விற்றது பிடில் ஒலித்த பதிப்புதான். அதை வாங்கியவர்களில் கன்ட்ரி வானொலி நேயர்கள் ஏராளம்.

கேள்வி: இவ்வளவு விற்ற ஆல்பம் விருதுகளையும் அள்ளியிருக்குமே? (வாசகி, ஈரோடு)

பதில்: ஓரளவுக்குத்தான். அமெரிக்க இசைத்துறை வழங்கும் கிராமி விருதுகளில், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பரிந்துரையில் அது இடம்பெற்றது. ஆனால் 1999இல் அந்த விருதைப் பாடகி லாரின் ஹில் பெற்றார். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இந்த ஆல்பத்தின் பாடல்களுக்குக் கிடைத்த நான்கு கிராமி விருதுகளும் கன்ட்ரிப் பிரிவுகளைச் சேர்ந்தவை. நாஷ்வில்லைத் தலைமையிடமாகக் கொண்ட கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன், ஆண்டின் சிறந்த கலைஞருக்கான தனது உயரிய விருதை 1999இல் ட்வைனுக்கு அளித்தது. அமெரிக்கர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. வியப்பு என்னவென்றால், அமெரிக்காவின் பொதுத் தரவரிசையான பில்போர்ட் 200இல் இந்த ஆல்பம் ஒரு வாரம்கூட முதலிடம் பெறவில்லை. இரண்டாம் இடமே அதன் உச்சம். ஒரே மூச்சில் விற்றுத் தீர்ந்த ஆல்பம் அல்ல அது. 16 பாடல்களில் 12 தனிப்பாடல்களாக ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டுக்கணக்கில் வெளியிடப்பட்டதால், ஒவ்வொன்றும் புதிதாக ஒரு கூட்டத்தைக் கடைக்கு அழைத்து வந்தது. பிரிட்டனில் 1999இல் 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

கேள்வி: அடுத்த ஆல்பத்தில் இந்திய இசை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: உண்மைதான், ஒரு பதிப்பில் மட்டும். 2002 நவம்பரில் வந்த 'அப்!' ஆல்பத்தின் 19 பாடல்களும் மூன்று விதமாகக் கலவை செய்யப்பட்டன: சிவப்புத் தட்டு பாப், பச்சை கன்ட்ரி, நீலம் இந்தியச் சாயல். வட அமெரிக்காவில் சிவப்பும் பச்சையும், பிற நாடுகளில் சிவப்பும் நீலமும் இணைத்து விற்கப்பட்டன. நீலத் தட்டில் பணியாற்றியவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த சைமன் டக்கல், டயமண்ட் டக்கல் சகோதரர்கள். முன்பு சந்தைக்காகச் செய்த உடுப்பு மாற்றத்தை இம்முறை லாங்கே ஒளிவுமறைவின்றித் திட்டமாகவே செய்தார். அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 8,74,000 பிரதிகள் விற்று, முந்தைய ஆல்பத்துக்குக் கிட்டாத முதலிடத்தை 'அப்!' பிடித்தது, மொத்த விற்பனையில் அதை எட்டவில்லை. நீலத் தட்டில் இந்தியத் தாளம் கேட்கிறதே தவிர, மெட்டு அதனோடு சேர்ந்து அசையவில்லை என்பது என் எண்ணம். ஒன்றைத்தான் கேட்க நேரம் உண்டு என்றால் பச்சைத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிடில் அதில் தாராளமாகவே ஒலிக்கிறது.