முகமூடி போட்ட 16 வயதுக்காரர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

கேள்வி: எனக்கு 16 வயது. நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர், எல்லோருமே 18-க்குக் கீழ். சூப்பர் ஹீரோக்கள் மாதிரி முகமூடி போட்டுக்கொண்டு இரவில் எங்கள் பகுதியைச் சுற்றி வருகிறோம். போன வாரம் எங்கள் வயதுப் பையன் ஒருவன், ஒருவர் சட்டைப்பையிலிருந்து செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடினான். துரத்திப் பிடித்து, போனை உரியவரிடம் கொடுத்தோம். பிறகு அவன் கையை ஷூ லேசால் கட்டி, இரண்டு அடி போட்டு, 'நான்தான் எடுத்தேன்' என்று சொல்லவைத்து வீடியோ எடுத்தோம். அப்புறம் அவனை அனுப்பிவிட்டோம். வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டதும் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, "18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க இப்படிச் செய்யத் தடைச் சட்டம் இருக்கு, தெரியுமா?" என்று மிரட்டினார். அப்படி ஒரு சட்டம் உண்டா? கல்லூரியில் படிக்கும் அண்ணன் ஒருவர் எங்களுக்குத் தலைவராக இருக்கச் சம்மதிக்கிறார். அவர் வந்தால் பிரச்சினை தீருமா?

பதில்: தம்பி, இன்ஸ்பெக்டர் சொன்ன மாதிரி இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. இளம் வீரர்களைத் தடைசெய்யத் தனிச் சட்டம் போடுவதெல்லாம் காமிக்ஸ் உலகத்தில்தான். இங்கே அதற்கு அவசியமே வரவில்லை, இருக்கிற சட்டங்களே தாராளம்.

முதலில் உங்களுக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். துரத்தியதிலும் பிடித்ததிலும் தவறில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்தைத் தன் கண்ணெதிரே ஒருவர் செய்தால், தனிநபர் எவரும் அவரைப் பிடிக்கலாம். 'எவரும்' என்பதற்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் பிடித்தவரைத் தாமதமில்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். பறிப்பு இந்த வகைக் குற்றம்தான். வெறும் திருட்டாக இருந்து, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் இந்தப் பிரிவு பொருந்தாது. ஓடுகிறவன் கையில் இருக்கும் போன் என்ன விலை என்று யார் விசாரித்துவிட்டுத் துரத்துவார்கள்? சட்டம் எழுதியவர்கள் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. நல்லவேளையாக, குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 35-வது பிரிவு, அடுத்தவர் பொருளையும் திருட்டிலிருந்து காப்பாற்றும் தற்காப்பு உரிமையைத் தருகிறது. அதற்கும் வயது வரம்பு இல்லை.

அந்த உரிமை எப்போது முடிகிறது என்பதில்தான் நீங்கள் சிக்கியிருக்கிறீர்கள். அதே நியாய சன்ஹிதாவின் 43-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: பொருள் திரும்பக் கிடைத்துவிட்டால் உரிமை முடிந்தது. போன் உரியவர் கைக்குப் போன நொடியில் நீங்கள் காப்பாற்ற வேண்டியது எதுவும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு போலீசை அழைத்து, அவர்கள் வரும்வரை அவனை நிறுத்தி வைத்திருந்தால் 40-வது பிரிவு துணைக்கு வந்திருக்கும். நீங்கள் அழைத்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வீடியோவுக்காகக் கட்டி வைத்து, வேலை முடிந்ததும் அனுப்பியிருக்கிறீர்கள். இதற்குச் சட்டத்தில் பெயர் கைது அல்ல, முறையற்ற அடைத்துவைப்பு (நியாய சன்ஹிதா, பிரிவு 127).

அந்த இரண்டு அடி இன்னும் மோசம். சும்மா அடித்திருந்தால் அதிகபட்சம் ஓராண்டுத் தண்டனைக்குரிய சாதாரணக் காயம். ஒப்புக்கொள்ள வைப்பதற்காக அடித்தால் அது பிரிவு 120, ஏழு ஆண்டுகள் வரை போகும். போலீஸ்காரர்கள் மேல் பாய்கிற அதே பிரிவுதான் உங்கள் மேலும் பாயும். அடித்து வாங்கிய வாக்குமூலத்தை வைத்து அவனைத் தண்டிப்பது கடினம். உங்கள் குற்றத்தை நிரூபிக்க அதே வீடியோ நன்றாகவே கைகொடுக்கும்.

ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். குற்றம் செய்யும் பொது நோக்கத்தோடு ஐந்து பேர் சேர்ந்தாலே 'சட்டவிரோதக் கூட்டம்' (பிரிவு 189). அடித்தது ஒருவர், கேமரா பிடித்தது இன்னொருவர் என்றெல்லாம் தப்பிக்க முடியாது, பொறுப்பு எல்லோர் தலையிலும் விழும். முகமூடி மட்டும் குற்றமல்ல, அதை விடுங்கள்.

இப்போது அந்த அண்ணன். தயவுசெய்து அவரை விலகியே இருக்கச் சொல்லுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் பிரிவு 83(2), சிறுவர்களைச் சட்டவிரோதச் செயல்களுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. உங்களுக்கும் அவரால் நஷ்டம்தான். அந்தச் சட்டத்துக்கான மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றம் (குறைந்தபட்சமே ஏழாண்டு தண்டனை உள்ள குற்றம்) அல்லாத வழக்கில் சிறுவர் மீது எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது, காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும். பெரியவரோடு சேர்ந்து செய்திருந்தால் அந்த விலக்கு போய்விடும். பெரியவர் தலைமை, அடையாள அட்டை, காவல்துறையின் ஆதரவு எல்லாம் இருந்த 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பையே, சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு 2020-இல் தமிழக அரசு தடைசெய்தது. உங்கள் குழுவுக்கு யார் அங்கீகாரம் தரப்போகிறார்கள்?

வழக்கு வந்தால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. உங்களை லாக்கப்பில் வைக்க முடியாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், ஜாமீன்தான் பொது விதி. கொடுங்குற்றங்களில்தான் 16 வயதுக்காரரைப் பெரியவராக விசாரிக்கும் பேச்சு எழும், இது அதில் சேராது. குழுமம் கண்டித்து அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், அபராதத்தை உங்கள் பெற்றோரைக் கட்டச் சொல்லலாம். இதனால் பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதியிழப்பு வராது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 24.

இன்றைக்கே செய்ய வேண்டியது வீடியோவை இன்ஸ்டாகிராமிலிருந்து எடுப்பது. அந்தப் பையனும் சிறுவன் என்றால், விசாரணை தொடங்கிய பிறகு அவன் முகத்தை வெளியில் காட்டுவது அதே சட்டத்தின் பிரிவு 74-இன் கீழ் ஆறு மாதம் சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் அபராதம் வரை கொண்டுபோய்விடும். ஆனால் போனில் உள்ள மூலப் பதிவை அழிக்காதீர்கள், அழித்தால் தடயத்தை மறைத்ததாகத் தனிக் குற்றம் சேரும். அப்பா அம்மாவிடம் இன்று இரவே எல்லாவற்றையும் சொல்லுங்கள். இன்ஸ்பெக்டர் மறுபடி கூப்பிட்டால் அவர்கள் இல்லாமல் போகாதீர்கள், எழுதிய தாள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சிறுவர்களுக்கு வழக்கறிஞர் இலவசம். 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் அவர்களின் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பள்ளிச் சான்றிதழ் நகலை எடுத்துக்கொண்டு போங்கள், முதலில் கேட்பது வயதுக்கான ஆதாரத்தைத்தான்.